வீட்டில் இருந்தபடியே கிராண்ட்மாஸ்டர்: புளியங்குடிப் பெற்றோருக்குச் சில யோசனைகள்

பிள்ளையை ஆன்லைனில் செஸ் படிக்க வைப்பது என்று முடிவாகிவிட்டது. நல்லது. பிள்ளையைக் கேட்டீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரனை 7.5–6.5 என்று வீழ்த்தி 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, தமிழ்நாட்டில் எட்டு வயதுப் பிள்ளைகளை யாரும் எதுவும் கேட்பதில்லை. நேராக வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இது சுலபம், திரும்பின பக்கமெல்லாம் அகாடமி. புளியங்குடியில் எலுமிச்சைக்கு மார்க்கெட் இருக்கிறது, இலையும் தூளும் வாங்க பீடிக்கடை இருக்கிறது, கிராண்ட்மாஸ்டர் ஆவதற்குத்தான் ஒரு கடையும் இல்லை. "மத்தளம்பாறையில உக்காந்துக்கிட்டு ஜோஹோக்காரங்க 2011-லருந்து உலகத்துக்கே சாஃப்ட்வேர் விக்கலியா? புளியங்குடியில உக்காந்து எம் மவன் செஸ் படிக்கக் கூடாதா?" என்று கேட்கும் அப்பாக்கள் நம்மூரில் பெருகிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள். துபாயிலும் ரியாத்திலும் இருந்துகொண்டு ஃபீஸ் மட்டும் அனுப்பும் அப்பாக்களும் படிக்கலாம். உங்களுக்கென்று தனியாகக் கொஞ்சம் எழுதியிருக்கிறேன்.

"ஆன்லைன்ல படிச்சு எவம்ல உருப்பட்டான்?" என்று டீக்கடையில் யாராவது ஓர் அண்ணாச்சி கேட்பார். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். 2020 டிசம்பரில் விஸ்வநாதன் ஆனந்த், வெஸ்ட்பிரிட்ஜ் நிறுவனத்தோடு சேர்ந்து ஓர் அகாடமி தொடங்கினார். குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி, நிஹால் சரின், ரௌனக் சாத்வானி என்று ஐந்து பேர் முதலில் சேர்ந்தார்கள். கொரோனாக் காலம், பாடமெல்லாம் திரையில்தான். இவ்வளவும் சொல்லுங்கள். அந்த ஐந்து பேரில் நான்கு பேர் அப்போதே கிராண்ட்மாஸ்டர் ஆகியிருந்தார்கள் என்பதை மட்டும் அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டாம்.

சாமான் வாங்குவது

டேப்லெட் வாங்குங்கள். ஹெட்செட், முகத்துக்கு வெளிச்சம் காட்டும் வட்ட விளக்கு, முதுகு வலிக்காமல் சாய்ந்துகொள்ளும் நாற்காலி, எல்லாம் வாங்குங்கள். பின்னணியில் தெரிகிற மாதிரி சுவரில் ஆனந்த் படம் ஒன்று. செஸ் பலகையை மட்டும் வாங்காதீர்கள். அது ஸ்டேஷனரிக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவ்வளவு மலிவான பொருளால் என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும்? தவிர, பலகை என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஆனந்த் வீட்டில் அந்த ஆபத்து நேர்ந்தது. ஆறு வயதில் அவருக்குக் காய்களை நகர்த்தச் சொல்லித் தந்தவர் அம்மா சுசீலா. 1970-களின் கடைசியில் அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குப் போனது. அங்கே டிவியில் பகல் நேரத்தில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும்; முடிவில் ஒரு புதிர் போடுவார்கள். அந்நேரம் பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து நிகழ்ச்சியில் காட்டிய ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். சாயங்காலம் இருவருமாக யோசித்து விடையைத் தபாலில் போடுவார்கள். சரியான விடைக்குப் பரிசு, ஒரு செஸ் புத்தகம். பையன் தொடர்ந்து பரிசு வாங்கிக்கொண்டே இருந்ததில் நிகழ்ச்சிக்காரர்கள் களைத்துப்போய், வேண்டிய புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போ, இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆக, தூரத்திலிருந்து செஸ் கற்பது புதிய சங்கதி ஒன்றுமில்லை. அன்றைக்கு அதற்குத் தேவைப்பட்டது ஒரு டிவி, ஒரு நோட்டு, ஒரு பேனா, ஓர் அம்மா. இதில் எதற்கும் மாதச் சந்தா கிடையாது என்பதால் இந்த முறையை என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

கோச் பிடிப்பது

ஃபேஸ்புக்கில் ஒரு தடவை செஸ் வகுப்பு என்று தேடினால் போதும். அப்புறம் நீங்கள் கோச்சைத் தேட வேண்டியதில்லை. முதலில் இலவச டெமோ கிளாஸ். அதில் எல்லாப் பிள்ளைகளும் மகா கெட்டிக்காரர்கள். "பையன் ரொம்ப ஷார்ப் சார், நேச்சுரல் டேலன்ட்" என்று சொல்லப்படாத பிள்ளை எந்த டெமோவிலும் இருந்ததில்லை. டெமோ முடிந்ததும் ஒரு மேடம் போன் செய்வார். இன்றைக்கே சேர்ந்தால் பாதிக் கட்டணம், நாளைக்கு என்றால் இந்தச் சலுகை இருக்காது என்பார். நாளைக்கும் இருக்கும். அடுத்த மாதமும் இருக்கும். சிக்கனமானவர்களுக்கு ஒரு யுக்தி: அகாடமிக்கு ஒன்றாக டெமோ மட்டும் எடுத்துக்கொண்டே போனால் ஒரு குற்றாலச் சீசனைச் செலவில்லாமல் ஓட்டிவிடலாம். பிள்ளைக்கு யானை நேராகப் போகும், பிஷப் குறுக்கே போகும் என்பது மட்டும் திரும்பத் திரும்ப நன்றாக மனப்பாடமாகும்.

தனிப்பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு நூற்றைம்பது கேட்கிறவரும் இருக்கிறார், ஆயிரக்கணக்கில் கேட்கிறவரும் இருக்கிறார். யார் அதிகம் கேட்கிறாரோ அவரை வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் சொல்லிக்கொள்ள அதுதான் வசதி. வெளிநாட்டுக் கோச் என்றால் இன்னும் விசேஷம். செர்பியாக்காரர் ஒருவர் கிடைத்தார் என்று வையுங்கள். அவருக்குத் தெரிந்தது செர்பிய இங்கிலீஷ், உங்கள் மகனுக்குத் தெரிந்தது மெட்ரிக்குலேஷன் இங்கிலீஷ். ஒரு மணி நேரமும் இருவரும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொண்டு, மிக்ஸியைப் போடாமல் காத்திருப்பார்கள்.

தமிழ் பேசும் கோச்சுகளிடம் வேறு சிக்கல். அவர்களில் நன்றாகச் சம்பாதிப்பவர்களுக்கு விடியற்காலைதான் முக்கிய வியாபார நேரம். நியூ ஜெர்சியில் இரவு எட்டு மணி என்றால், அங்கே கோடைக்காலமாக இருந்தால், நமக்குக் காலை ஐந்தரை. இங்கே எலுமிச்சை மூட்டை வண்டியில் ஏறுகிற நேரத்தில், சங்கரன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ ஒரு கோச் முகம் கழுவி, காலர் வைத்த சட்டை போட்டு, கீழே லுங்கியோடு உட்கார்ந்து அமெரிக்கப் பிள்ளைக்குக் குதிரையை நகர்த்திக் காட்டிக்கொண்டிருப்பார். அங்கிருந்து டாலர் வருகிறது. உங்கள் மகனுக்குக் கிடைப்பது ராத்திரி ஏழரை. அதற்குள் அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். அவர் கொட்டாவி விட்டால் அது உங்கள் மகனின் ஆட்டத்தைப் பற்றிய கருத்து என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்தக் காரணத்தைக் கொண்டும் ஃபிடே இணையதளத்துக்குள் போய் அவர் பெயரைத் தேடிப் பார்க்காதீர்கள். உலகச் செஸ் கூட்டமைப்பு யார் எவ்வளவு ரேட்டிங் என்பதை ஒளிவுமறைவில்லாமல், காசும் வாங்காமல், அங்கே போட்டு வைத்திருக்கிறது. பயிற்சியாளர்களுக்கென்று தனிப் பட்டங்களும் உண்டு; அவையும் அங்கேயே தெரியும். பார்த்துவிட்டீர்களானால் "இன்டர்நேஷனல் கோச்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பவருக்கு ரேட்டிங்கே இல்லை என்று ஒருவேளை தெரிந்துவிடும். தெரிந்தபின் பணம் அனுப்பக் கை வராது.

விளையாட்டை விட்டு ஒன்று சொல்கிறேன். ரேட்டிங் குறைவு என்பதாலேயே ஒருவர் மோசமான வாத்தியார் ஆகிவிட மாட்டார். காய் நகர்த்தப் பழகும் பிள்ளைக்கு 2500 ரேட்டிங் ஆள் தேவையே இல்லை. ஒரே தவறைப் பத்துத் தடவை செய்தாலும் முகம் சுளிக்காத ஆள்தான் தேவை. அப்படிப்பட்டவர் உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலேயே விளையாட்டு ஆசிரியராக இருக்கக்கூடும். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பள்ளிக்குப் பள்ளி போட்டி வைத்து, அதன் சின்னமான வேட்டி கட்டிய குதிரைத் தம்பியின் படத்தை மாட்டியது அவர்தான். ஆனால் அவர் ஃபீஸ் வாங்குவதில்லை. ஆகவே அவரை விட்டுவிடுவோம்.

சிக்னல்

மேற்கே மலை, ஆடி மாதம் வந்தால் காற்று. காற்றில் கேபிள் ஆடும், கேபிள் ஆடினால் கோச் உறைந்து நிற்பார், அதுவும் வாயைத் திறந்தபடி. மாதத்தில் ஒருநாள் மின்வாரியப் பராமரிப்பு வேறு. "சார், கேக்குதா?" "கேக்குதுப்பா, நான் பேசறது கேக்குதா?" "சார், கேக்குதா?" இந்த மூன்று வரிகளையும் பிள்ளைக்கு நன்றாகப் பழக்குங்கள். பாடத்தில் பெரும்பகுதி இதுதான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், கூடவே சாரலும் கிடைக்கும்.

இணையம் போனால் மனம் தளர வேண்டாம். 2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. உலகின் பல பக்கங்களில் இணையம் விழுந்து, நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் நடு ஆட்டத்தில் தொடர்பை இழந்து நேரம் முடிந்து தோற்றார்கள். இந்தியா முறையிட்டது, ஃபிடே இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தது. உங்கள் மகனும் தோற்கும் நேரம் பார்த்து வைஃபையை அணைத்துவிட்டு "நெட் போயிருச்சும்மா" என்று சொல்லுவான். அவனுக்குத் தங்கம் தர மாட்டார்கள். மற்றபடி தந்திரம் அதேதான்.

பெற்றோர் எங்கே உட்கார வேண்டும்

கேமராவுக்குப் பின்னால், பிள்ளையின் கண்ணுக்கு நேராக. இது முக்கியம். வகுப்பு இப்படித்தான் நடக்க வேண்டும்:

"தம்பி, இந்தப் பொசிஷன்ல ஒயிட்டுக்கு என்ன மூவ்? யோசிச்சுச் சொல்லுங்க."

"ஏல, குதிரைய எடுத்து வைல!"

"அம்மா, தம்பியே யோசிக்கட்டும்மா."

"இல்ல சார், போன கிளாஸ்ல சொல்லிக் குடுத்தீங்கள்லா, மறந்துட்டு முழிக்கான். ஏல, குதிரை!"

அந்நேரம் திண்ணையிலிருந்து தாத்தாவின் குரல் வரும்: "என்னல, ராணிய வெட்டக் குடுத்துட்டா குதிரைய நவுத்துவ?"

கோச் ஒரு நிமிடம் திரையை உற்றுப் பார்ப்பார். "தாத்தா சொல்றது கரெக்ட்" என்பார்.

இப்படி ஆகிவிடும் என்பதால், வகுப்பு நேரத்தில் தாத்தாவைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். ஃபீஸ் வாங்காமல் சரியான நகர்வைச் சொல்லும் ஆள் வீட்டில் இருப்பது கோச்சுக்கும் கௌரவமில்லை, உங்களுக்கும் நஷ்டம். தாத்தாக்களை நம்பிக் கெட்டவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். நம்மூரிலிருந்து மதுரை போகிற சாலையில் திருமங்கலம் தாண்டினால் திருநகர். அங்கே அரவிந்த் சிதம்பரம் என்ற சிறுவனுக்கு மூன்று வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா எல்ஐசி ஏஜென்டாக அலைந்து குடும்பத்தைப் பார்த்தார். ஏழு வயதில் செஸ் சொல்லித் தந்தவர் தாத்தா. அந்தப் பையன் 14 வயதில், 2013-ல், சென்னை கிராண்ட்மாஸ்டர் ஓபனில் பெரிய பெரிய ஆட்களைத் தாண்டி முதலிடம் வந்தார். 2025-ல் பிராக் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். தாத்தாவுக்குப் பிறகு முறையான பயிற்சியும் இருந்தது. 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றவரும், 2008-ல் இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டு மனைவி ஆர்த்தி ராமசாமியோடு செஸ் குருகுலம் தொடங்கியவருமான ஆர்.பி. ரமேஷ்தான் அவருக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் வைஷாலிக்கும் குரு. நீங்கள் இந்தக் கதையில் பிற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்த வேலையை விட்டார் என்ற வரியையும் தாண்டிப் போய்விடலாம்.

வளைகுடா அப்பாக்களுக்கு: நீங்கள் ரியாத்திலிருந்தே மகனின் ஆட்டத்தை நேரலையில் பார்க்கலாம். லிசெஸ், செஸ் டாட் காம் என்ற செஸ் தளங்களில் யாருடைய ஆட்டத்தையும் யாரும் பார்க்க வழி இருக்கிறது. அவன் தோற்கப் போகிறான் என்பதை அவனுக்கு முன்னாலேயே நீங்கள் கண்டுபிடித்து, ஆட்டம் முடிவதற்குள் "ஏம்ல அந்த யானைய விட்ட?" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவிடலாம். இன்னொரு வழியும் உண்டு. லிசெஸ்ஸில் ஒரு நகர்வுக்கு ஒருநாள், இரண்டு நாள் என்று அவகாசம் வைத்து, காசே இல்லாமல் நீங்களே உங்கள் மகனோடு ஆடலாம். வேலை முடிந்து வந்து ஒரு காயை நகர்த்திவிட்டுப் படுத்தால், காலையில் பள்ளிக்குப் போகுமுன் அவன் பதிலுக்கு நகர்த்தியிருப்பான். இதைச் சிபாரிசு செய்யாததற்குக் காரணம், சில மாதங்களிலேயே அவன் உங்களைத் தோற்கடித்துவிடுவான். ஊருக்கு வரும்போது அதை எல்லோரிடமும் சொல்லுவான்.

ரேட்டிங்

ரேட்டிங்கைப் பற்றி எலுமிச்சை வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரையில் கேரளாக்காரன் கேட்ட விலைக்கு வாங்குவான். மழை விழுந்தால் அதே பழத்தைக் கூடையோடு தள்ளிவிட ஆள் தேட வேண்டியிருக்கும். பழம் அதேதான், மரமும் அதேதான். மார்க்கெட்டில் இதைப் பார்த்துப் பழகிய அதே மனிதர், மகனின் ரேட்டிங் ஒரே ராத்திரியில் நாற்பது குறைந்தால் மட்டும் சாப்பிடாமல் படுத்துவிடுகிறார்.

குறைந்தால் என்ன செய்வது? புதிதாக ஒரு கணக்குத் தொடங்கிவிடுங்கள். எந்தத் தளத்தில் எண் அதிகமாகக் காட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் அளவுகோல் வேறு என்பது உறவுக்காரர்களுக்குத் தெரியாது. ஃபிடே ரேட்டிங் என்பது நேருக்கு நேர் போட்டியில் ஆடி வாங்குவது. அதிலும் 2024 மார்ச் முதல் 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கிடையாது என்று மாற்றிவிட்டார்கள். இப்போது பட்டியலில் ஒரு தடவை ஏறிவிட்டாலே ஆயிரத்து நானூறு. இதைவிட வசதியான சீர்திருத்தம் பெற்றோருக்கு யாரும் செய்து தந்ததில்லை.

அப்புறம் பட்டம். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும், பெரிய போட்டிகளில் நார்ம் என்கிற தகுதியை மூன்று தடவை எடுக்க வேண்டும். ரொம்ப அலைச்சல். அதே ஃபிடேயின் ஆன்லைன் அரங்கில் ஆடினால் "அரீனா" என்ற அடைமொழியோடு பட்டங்கள் உண்டு. அரீனா கேண்டிடேட் மாஸ்டருக்கு 1100 போதும். கூடவே கட்டணம் கட்ட வேண்டும். ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது "அரீனா" என்பதைச் சின்ன எழுத்தில் போடச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டு எதிரே வைத்தால் தென்காசி பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணிலும் படும்.

எஞ்சின்

ஸ்டாக்ஃபிஷ் என்கிற செஸ் எஞ்சின் மென்பொருள் இலவசம். உங்கள் பழைய போனில் ஓடினாலும் அது மேக்னஸ் கார்ல்சனைத் தோற்கடிக்கும். ஒவ்வொரு நிலையிலும் எது சிறந்த நகர்வு என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிடும். குகேஷுக்குப் பயிற்சி தந்த விஷ்ணு பிரசன்னா, குகேஷ் 2500 ரேட்டிங்கை எட்டும் வரை இந்த மாதிரி எஞ்சின்களை அண்டவே விடவில்லை. பையன் சொந்தமாக யோசித்து, சொந்தமாகத் தப்புச் செய்து, அதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டார். உங்கள் பிள்ளைக்கு ரேட்டிங் 800. அவ்வளவு காலம் காத்திருக்க நமக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்கே போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வாரத்தில் பிள்ளை வெளுத்து வாங்க ஆரம்பிக்கும். தொடர்ந்து ஜெயிக்கும். இன்னொரு போன் தலையணைக்கு அடியில் இருப்பது உங்களுக்குத் தெரியவரும்போது தளமே கணக்கை மூடியிருக்கும். பதற வேண்டாம், பெரிய மனிதர்களுக்கே நேர்ந்ததுதான். 2021 ஜூனில் கொரோனா நிவாரணத்துக்கு ஆனந்த் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடிய நிகழ்ச்சியில், ஒரு கோடீஸ்வரர் ஆனந்தையே தோற்கடித்தார். மறுநாள் கம்ப்யூட்டர் உதவி இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். இப்போது ஆன்லைன் போட்டிகளில் பக்கவாட்டில் இரண்டாவது கேமரா வைக்கச் சொல்வதெல்லாம் இந்த மாதிரி ஆட்களைக் கண்டுபிடிக்கத்தான்.

தென்காசிக்குப் போட்டிக்குப் போவது

ஆன்லைனில் ஓராண்டு படித்த பிள்ளையை முதல் தடவையாக நேரடிப் போட்டிக்குக் கூட்டிப் போகிறீர்கள். சொக்கம்பட்டி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி பஸ். சீசன் நேரம் என்றால் குற்றாலத்துக் கூட்டத்தோடு நின்றுகொண்டு போகலாம். ஏதோ ஒரு பள்ளிக்கூட ஹால், வரிசையாக மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி. பெற்றோர் வெளியே வேப்பமரத்தடியில் டிபன் கேரியரோடு. இங்கேதான் உங்கள் முதலீட்டின் கணக்கு முடிக்கப்படும்.

பலகையை மேலிருந்து தட்டையாகப் பார்த்தே பழகிய பிள்ளைக்கு, எதிரே காய்கள் எழுந்து நிற்பதே புரியாது. தூரத்து மூலையில் இருக்கும் பிஷப், முன்னால் நிற்கும் ராஜாவின் மறைவில் கிடக்கும். நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்க மறந்துவிடும்; அதன் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், எதிரே உள்ள பிள்ளை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், வீட்டில் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டது.

தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பது போட்டியின் சட்டம். திரையில் ஒரு காயைப் பிடித்து இழுத்து, வேண்டாமென்றால் அங்கேயே விட்டுவிடலாம். இங்கே பிள்ளை ராணியைத் தொடும், யோசிக்கும், கையை எடுக்கும். எதிரே இருக்கும் பிள்ளை கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடும்.

"தம்பி, தொட்டுட்டீங்க. ராணியத்தான் நகர்த்தணும்."

ராணி போகும். ஆட்டமும் போகும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. தளத்தில் ராஜாவுக்குச் செக் இருக்கும்போது வேறு காயை நகர்த்தப் பார்த்தால் பலகை ஏற்றுக்கொள்ளாது. காய் பழைய இடத்துக்கே போய்விடும். இதனால் செக் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைப் பிள்ளை அதுவரை செய்ததே இல்லை, கம்ப்யூட்டர் செய்தது. மரப்பலகை ஒன்றும் சொல்லாது. பிள்ளை செக்கில் ராஜாவை விட்டுவிட்டுச் சிப்பாயை நகர்த்திக் கடிகாரத்தையும் அமுக்கிவிடும். நெடுநேர ஆட்டத்தில் முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல். இரண்டாம் தடவை ஆட்டமே அவருக்கு. ஒருவருடமாக மாதா மாதம் ஃபீஸ் கட்டிய பிள்ளை, தாத்தாவோடு திண்ணையில் ஆடிப் பழகிய பிள்ளையிடம் இந்த ஒரே காரணத்துக்காகத் தோற்றுவிட்டு வெளியே வரும். இதை எந்த மாவட்டப் போட்டியிலும் முதல் சுற்றிலேயே பார்க்கலாம்.

வெளியே வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேளுங்கள். அழுதால், "அந்தப் பிள்ளை எந்த ஸ்கூலு?" என்று கேளுங்கள். கையில் நகர்வுகளை எழுதிய தாள் ஒன்று வைத்திருக்கும். அதை வாங்கி, வடையிலிருக்கும் எண்ணெயைத் துடைக்கப் பயன்படுத்துங்கள். அந்தத் தாளை கோச்சுக்கு அனுப்பினால், எந்த இடத்தில் பிள்ளை அவசரப்பட்டது, எங்கே பயந்தது, எங்கே எதிராளியின் நகர்வைப் பார்க்கவே இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். வகுப்பு அப்புறம் நிஜமான வகுப்பாகிவிடும். சோவியத் நாட்டில் மிகைல் போட்வின்னிக் நடத்திய பள்ளி ஆண்டுக்குச் சில தடவைதான் கூடும். பிள்ளைகள் தங்கள் ஆட்டங்களைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவரும் அங்கே போனவர்கள், மூவரும் உலக சாம்பியன்கள். வாரம் மூன்று கிளாஸ் என்று அந்தப் போட்வின்னிக் பேக்கேஜ் போடவில்லை. ஆகவே நாம் பின்பற்றத் தேவையில்லை.

எப்போது நிறுத்துவது

இதில் மட்டும் நம்மூரில் யாருக்கும் வழிகாட்டி வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு. அதுவரை "செஸ் ஆடினா மூளை வளரும், கணக்கு நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், மூளை வளர்ந்துவிட்டதாலோ என்னவோ, பத்தாம் வகுப்புப் பரீட்சை கண்ணுக்குத் தெரிந்ததும் பலகையை மூட்டை கட்டிவிடுவார்கள். 2022 மே மாதம் ஆன்லைன் போட்டி ஒன்றின் அரையிறுதியில் அனீஷ் கிரியை வென்றுவிட்டு, மணி அதிகாலை இரண்டு ஆகிவிட்டது, எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று பிரக்ஞானந்தா சொன்னார். அன்றைக்குப் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை. அதையும் எழுதினார். அந்த வீட்டில் இப்படி ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கவிட்டதைக் கேள்விப்பட்டால் நம் தெருவில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நிறுத்துகிற மாதம் எதுவானாலும், அந்த மாதத்துக் கோச் ஃபீஸை மட்டும் பாக்கி வைக்காதீர்கள். "நெட் சரியில்ல சார், கிளாஸ் சரியா நடக்கல, அடுத்த மாசம் சேத்துத் தாறேன்" என்று இழுக்கவும் வேண்டாம். ஒன்றாம் தேதியே அனுப்பிவிடுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து சட்டை போட்டு உட்காருகிற மனிதர் அவர். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன, இரண்டையும் ஆன்லைனில் அபாகஸ் வகுப்பில் சேர்த்திருக்கிறார்.